ஐம்பது குளோன் நின்றால் ஐம்பது பெற்றோர் ஆகிவிடுமா? ஓக் விதைத் தோட்டங்களின் மரபணுப் பன்மை

கரிசல்காடு

வணக்கம். கோவில்பட்டி பக்கம் நாற்றங்கால் வைத்திருக்கிறேன். வேம்பு, புளி, கொஞ்சம் தேக்கு. ஐரோப்பாவில் ஓக் மரத்துக்கு விதைத் தோட்டம் போடுவதைப் பற்றிப் படித்தேன். காட்டில் நேராக, உயரமாக நிற்கிற மரங்களை மட்டும் பொறுக்கி, அவற்றின் குச்சியை ஒட்டுக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நட்டு, அங்கே விழுகிற கொட்டையைத்தான் புதுக் காடு போடக் கொடுக்கிறார்களாம். ஐம்பது மரத்தின் பிள்ளைகளே ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்றால் அது ஆபத்து இல்லையா? இந்தத் துறையில் இருக்கிறவர்கள் விளக்க வேண்டும்.

மலைத்தேன்

நம் நீலகிரி டீத் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக்குக்கும் இப்படித் தோட்டம் உண்டா?

இளவேனில்

மலைத்தேன், சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, வேறு குடும்பத்தைச் சேர்ந்த மரம். இந்த இழையில் பேசுவது குவெர்கஸ் என்ற அசல் ஓக் இனங்களைப் பற்றி. அவை தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக இல்லை, இமயமலையில் உண்டு.

கரிசல்காடு ஐயா, உங்கள் கேள்வி சரியான கேள்வி. நான் ஐரோப்பாவில் ஒரு வன மரபியல் ஆய்வகத்தில் இலை, கொட்டை, மொட்டு ஆகியவற்றிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்குப் பழக்கமான குரோவேஷியாவை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே கிழக்கே ஸ்லவோனியாவில், சாவா ஆற்றை ஒட்டி, ஸ்பச்வா என்ற காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேரில் கிடக்கிறது. பெரும்பாலும் குவெர்கஸ் ரோபர் என்ற ஓக் இனம். ஐரோப்பாவில் தொடர்ச்சியாக நிற்கும் சமவெளி ஓக் காடுகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. மது பீப்பாய்க்கும் மரச் சாமானுக்கும் ஸ்லவோனிய ஓக் என்றால் தனி மதிப்பு. ஒரு மரத்தை வெட்ட 140 ஆண்டு காத்திருப்பார்கள். வெட்டுவதற்கு முன் மூத்த மரங்களின் அடியிலேயே இயற்கையாகக் கன்று முளைக்க விடுவதுதான் பழைய முறை. ஆனால் பல ஆண்டுகளாகக் கொட்டை சரியாக விழுவதில்லை. அதனால் வெளியிலிருந்து கொட்டை கொண்டுவந்து விதைக்க வேண்டியிருக்கிறது. விதைத் தோட்டங்களின் தேவை அங்கிருந்துதான் வந்தது.

தோட்டம் போடும்போது ஒவ்வொரு விதை மண்டலத்திலும் (ஒரே மாதிரி மண்ணும் தட்பவெப்பமும் உள்ள பகுதி) பிளஸ் மரங்களை, அதாவது நேராக, உயரமாக நிற்கும் சிறந்த மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒட்டுக் கட்டி, அந்த மண்டலத்துக்கென்றே தனித் தோட்டமாக வைப்பார்கள். ஒரே குளோனின், அதாவது ஒரே மூல மரத்துக் குச்சிகளின், ஒட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வராதபடி தள்ளித் தள்ளி நடுவார்கள். அவை அடுத்தடுத்து நின்றால் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றில் விழுவதும் தன் மகரந்தம் தனக்கே விழுவதும் ஒன்றுதான்.

இந்தத் தோட்டங்களின் மரங்களை மைக்ரோசாட்டலைட் குறிகளால் (மரத்துக்கு மரம் நீளம் மாறும் டிஎன்ஏ துண்டுகள்) பார்த்தபோது பன்மை உயர்வாகவே இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசமும் குறைவு. நேரான மரத்தைப் பொறுக்கியதால் மரபணுத் தொகுப்பு சுருங்கிவிடவில்லை.

ஆனால் அது தோட்டத்தில் நிற்கிற மரங்களின் பன்மை. மூட்டையில் வரும் கொட்டைகளின் பன்மை வேறு விஷயம். நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த மூட்டையைப் பற்றித்தான்.

மரக்கடை முருகேசன்

எனக்கு இதில் வேறு கருத்து. நான் மர வியாபாரத்தில் இருக்கிறேன். நல்ல மரம் எது என்று தெரிந்த பிறகு எதற்கு ஐம்பது? சிறந்த நான்கைந்தை எடுத்துப் பெருக்கினால் எல்லா மரமும் ஒரே தரத்தில் வரும். நம் ஊரில் சவுக்கும் யூகலிப்டஸும் குளோன் நட்டு நன்றாகத்தானே எடுக்கிறோம்?

இளவேனில்

முருகேசன் அண்ணா, சவுக்கை நட்டு மூன்று நான்கு ஆண்டில் வெட்டிவிடுவீர்கள். ஒரு குளோன் நோயில் விழுந்தால் அடுத்த நடவில் வேறு குளோனுக்கு மாறலாம். ஓக்கை இன்று விதைத்தால் 2160-களில்தான் வெட்டு. இடையில் என்ன பூச்சி வரும், எவ்வளவு வெயில் ஏறும் என்று தேர்வு செய்கிற நமக்குத் தெரியாது.

இது கற்பனைப் பயம் அல்ல. இலை மேல் வெள்ளையாகப் படரும் சாம்பல் நோய்ப் பூஞ்சை ஐரோப்பிய ஓக்குக்குப் புதிதாக வந்தது 1907 வாக்கில். அப்போது காட்டில் நின்ற மரங்கள் எல்லாம் அந்த நோயைக் கண்டிராத காலத்தில் முளைத்தவை. கம்பளிப்புழுக்கள் தளிரைத் தின்று, மறுபடி வந்த இளம் இலையை இந்தப் பூஞ்சை பிடித்து, 1910-களில் ஸ்லவோனியாவில் ஏராளமான மரங்கள் காய்ந்தன. நூறு ஆண்டு கழித்து, 2013-இல், வட அமெரிக்காவின் ஓக் வலைப்பூச்சி குரோவேஷியாவில் தென்பட்டது. இப்போது கோடையிலேயே இலை வெளுத்துப் போகிறது. இத்தாலியில் அதை 2000-இலேயே பார்த்திருந்தார்கள்.

2018-இல் குவெர்கஸ் ரோபரின் முழு மரபணுத் தொகுப்பும் வெளியானது. போர்தோ அருகே நிற்கும் ஒரு மரத்திலிருந்து எடுத்தது. சுமார் 26,000 மரபணுக்கள். அதில் நோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணுக் குடும்பங்கள் மிகவும் பெருகிக் கிடக்கின்றன. நூற்றுக்கணக்கான ஆண்டு ஒரே இடத்தில் நிற்கிற உயிருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. நான்கைந்து மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தச் சேமிப்பில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுகிறோம்.

மரக்கடை முருகேசன்

சரி, 140 ஆண்டு என்பதை நான் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் ஐம்பது போதும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நாற்பது ஏன் இல்லை, இருநூறு ஏன் இல்லை?

எண்கணக்கன்

இதைக் கணக்காகவே போடலாம். புள்ளியியல்தான் என் வேலை.

முதலில், ஒரு மரபணு இடத்தில் தாய் கொடுத்த பிரதியும் தந்தை கொடுத்த பிரதியும் வேறுபட்டிருக்கும் வாய்ப்பு. உறவில்லாத 25 மரங்களை எடுத்தாலே காட்டில் இருப்பதில் 98 சதவீதம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். 50 எடுத்தால் 99. இருநூறுக்குப் போனாலும் இதற்கு மேல் ஏற இடமே இல்லை.

அப்புறம் அரிய அலீல்கள், அதாவது ஒரு மரபணுவின் அரிதான வடிவங்கள். காட்டில் 100-க்கு 5 என்ற அளவில் இருக்கும் அலீல் ஒன்று, 30 மரங்களில் ஒரு தடவையாவது அகப்படும் வாய்ப்பு 95 சதவீதம். அதுவே 100-க்கு 1 என்றால் 30 மரத்தில் 45 சதவீதம்தான். 50 மரத்தில் 63. நூறு மரம் எடுத்தால் 87.

ஆக, பொதுவான பன்மைக்கு ஐம்பது தாராளம். அரிய அலீல்களை ஐம்பது மரத் தோட்டத்தால் முழுதாகக் காப்பாற்ற முடியாது. நாளைய நோய்க்கு எதிரான அலீல் இன்று அரிதாக இருக்கலாம் என்பதுதான் இளவேனில் சொன்னதில் உள்ள பிடி.

இளவேனில்

மிகத் தெளிவு, நன்றி. அதனால்தான் விதைத் தோட்டம் இருக்கிறதே என்று காட்டிலுள்ள பாதுகாப்புப் பகுதிகளைக் கைவிடக் கூடாது என்கிறோம். அரிய அலீல்களைக் காப்பது காட்டின் வேலை.

கரிசல்காடு

நல்லது. ஆனால் மூட்டையில் வருவது வேறு என்றீர்களே, அதை விரித்துச் சொல்லுங்கள் அம்மா. என் புளியந்தோப்பிலும் பத்து மரம்தான் காய்த்துத் தள்ளும், மற்றது சும்மா நிற்கும்.

இளவேனில்

அதேதான் ஐயா. ஓக்கில் இது இன்னும் கடுமை.

ஓக் ஆண்டுதோறும் ஒரே மாதிரி காய்க்காது. சில ஆண்டு ஒன்றுமே இருக்காது. ஒரு ஆண்டு மொத்தக் காடும் சேர்ந்து கொட்டித் தீர்க்கும். ஒட்டுத் தோட்டத்திலும் இதே சுபாவம்தான். நல்ல ஆண்டில் பெரும்பாலான குளோன்கள் காய்க்கும். சுமாரான ஆண்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய குளோன்கள்தான் கொடுக்கும். அந்த ஆண்டுக் கொட்டையை அள்ளி, தோட்டத்தின் பெயரைப் போட்டு அனுப்பினால், வாங்குகிறவர் ஐம்பது குளோன் தோட்டத்துக் கொட்டை என்றுதான் நினைப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் விதைத் தோட்டத்துக் கொட்டை பெரும்பாலும் 'தகுதி பெற்றது' என்ற வகையில் இளஞ்சிவப்புச் சீட்டோடு போகும். அந்த ஆண்டு எந்தக் குளோன் எத்தனை கிலோ கொடுத்தது என்பதை அந்தச் சீட்டில் பார்க்க முடியாது.

எண்கணக்கன்

இதற்கும் ஒரு கணக்கு. 50 குளோன் இருக்கிறது. அதில் 10 குளோன் கொட்டையில் 80 சதவீதத்தைக் கொடுக்கிறது, மீதி 40-உம் சேர்ந்து 20 சதவீதம் என்று வையுங்கள். ஒவ்வொன்றின் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 0.065. ஒன்றை அதால் வகுத்தால் 15.4. அதாவது தாய் வழியில், சமமாகக் காய்க்கும் 15 குளோன் வைத்த தோட்டமும் இதுவும் ஒன்று. இதைத்தான் செயல்திறன் எண் என்கிறார்கள்.

தந்தை வழியில் 50 குளோனும் சமமாக மகரந்தம் கொடுத்தால் நிலைமை சீராகும். இரு பக்கப் பங்கையும் சேர்த்துப் பார்த்தால் 32 வருகிறது.

மகிழம்பூ

தாவரவியல் ஆசிரியை நான். தந்தைகள் சமமாக இருப்பார்கள் என்று நம்பலாமா? ஓக் காற்றில் மகரந்தம் பரப்பும் மரம். தொங்கும் ஆண் பூந்துணர்கள் சில மரங்களில் அடர்த்தியாக வரும், சிலவற்றில் பெயருக்கு வரும். பெண் பூவோ குண்டூசித் தலை அளவு. புதுத் தளிரின் நுனிப் பக்கம், இலைக் கக்கத்தில் சிவப்பாக எட்டிப் பார்க்கும். ஒரு மரம் ஏப்ரல் நடுவில் பூத்து இன்னொன்று மே மாதம் பூத்தால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

இளவேனில்

சரியாகச் சொன்னீர்கள். தந்தைகளும் சமமாக இருப்பதில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் மகரந்தம் ஒன்று இருக்கிறது. பிரான்சின் பெத்தித் ஷார்னி காட்டில், ஆறு ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான ஒரு துண்டில் நின்ற ஓக் மரங்களுக்கெல்லாம் டிஎன்ஏ அடையாளம் எடுத்து, கொட்டைகளுக்குத் தந்தை யார் என்று தேடினார்கள். முடிவு 1999-இல் வெளியானது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மகரந்தம் அந்தத் துண்டுக்கு வெளியே இருந்து வந்திருந்தது. ஓக் காட்டுக்குப் பக்கத்திலேயே விதைத் தோட்டத்தைப் போட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த மரங்களுக்குள்ளேயே கலப்பு நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எண்கணக்கன்

மேலே போட்ட கணக்கில் பாதி மகரந்தம் வெளியிலிருந்து, உறவில்லாத ஏராளமான மரங்களிலிருந்து வந்தால் செயல்திறன் எண் சுமார் 44 ஆகிறது.

மரக்கடை முருகேசன்

அப்படியானால் தேர்ந்தெடுத்த மரங்களின் பலன் எங்கே போகிறது? வெளித் தந்தை வளைந்த மரமாகவும் இருக்கலாம் அல்லவா?

இளவேனில்

பலன் குறையத்தான் செய்யும். பாதி மகரந்தம் வெளியே இருந்து என்றால் கொட்டையின் மரபணுக்களில் கால் பங்கு தேர்வு செய்யாத மரங்களுடையது. தேர்வின் பலனில் கிட்டத்தட்ட கால் பங்கு கரைகிறது. வளர்ச்சி வேகத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது நஷ்டம். 140 ஆண்டுக் காடு போடுகிறவருக்கு அந்தக் கால் பங்கு கைகாவல் என்பது என் கருத்து. பைன் மரத் தோட்டங்களில் வெளி மகரந்தத்தைத் தடுக்கப் படாதபாடு படுகிறார்கள். ஓக்குக்கு அந்த அளவு மெனக்கெட வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பக்கத்தில் நிற்பது வேறு ஓக் இனமாக இருந்தால் கலப்பினம் வரும். கொட்டை நீளக் காம்பில் தொங்கும் ரோபருக்கும், கொட்டை கிளையோடு ஒட்டி உட்காரும் பெட்ரேயாவுக்கும் கலப்பு நடக்கும். ஈரச் சமவெளிக்குக் கொடுக்கும் கொட்டையில் மேட்டு நில மரத்தின் மகரந்தம் கலந்தால் அது நல்லதா கெட்டதா என்பது நடுகிற இடத்தைப் பொறுத்தது.

சுன்னாகம் கண்ணன்

வணக்கம். யாழ்ப்பாணத்துக்காரன், இப்போது ஜெர்மனியில் மியூன்ஸ்டர் பக்கம். ஒரு நாற்றங்காலில் வேலை. ஸ்லவோனிய ஓக் என்று கண்டதும் எழுத வேண்டும் போல் இருந்தது. எங்கள் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்லவோனியாவிலிருந்து கொட்டை இறக்கி நட்ட ஓக் தோப்புகள் இருக்கின்றன. வசந்தத்தில் போய்ப் பார்த்தால் வடிவாகத் தெரியும். உள்ளூர் ஓக் எல்லாம் பச்சை பிடித்து நிற்கும்போது இவை மொட்டையாக நிற்கும். தண்டும் உள்ளூர் மரங்களை விட நேர்.

பிந்தித் தளிர்ப்பதால் மே மாத உறைபனியிலிருந்து தப்பும் என்பார்கள். முதலில் வரும் புழுக்களுக்கும் இலை அகப்படாது. எது ஸ்லவோனிய வழி, எது உள்ளூர் வழி என்று இப்போது டிஎன்ஏயை வைத்துப் பிரிக்கிறார்கள். அது எப்படி என்று அக்கா சொல்ல முடியுமா?

இளவேனில்

கண்ணன் தம்பி, அதற்குக் குளோரோபிளாஸ்டின் (இலைச் செல்லில் பச்சையம் இருக்கும் பகுதி) டிஎன்ஏ உதவுகிறது. ஓக்கில் அது தாயிடமிருந்து மட்டும் வரும். மகரந்தம் பல கிலோமீட்டர் பறக்கலாம், கொட்டை அப்படிப் போகாது. ஜே பறவை கொண்டுபோய் மண்ணில் புதைத்தால்தான் உண்டு. அதனால் தாய் வழி அடையாளம் இடத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பனியுகத்தில் ஓக் மரங்கள் ஐபீரியா, இத்தாலி, பால்கன் ஆகிய மூன்று இடங்களில் தஞ்சம் இருந்தன. பனி விலகியதும் மூன்று பக்கமிருந்தும் வடக்கே ஏறின. ஐரோப்பா முழுதும் 2,600-க்கும் மேற்பட்ட ஓக் கூட்டங்களைச் சோதித்து இந்தத் தடங்களை 2002-இல் வரைபடமாக வெளியிட்டார்கள். மேற்கு ஜெர்மனியில் ஒரு தோப்பு மட்டும் தென்கிழக்கின் அடையாளத்தோடு நின்றால், யாரோ கொட்டையைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள்.

விதைத் தோட்டத்திலும் இதே சோதனையைச் செய்வோம். பிளஸ் மரம் அந்த மண்டலத்தின் பழைய மரம்தானா, நூறு ஆண்டுக்கு முன் வண்டியில் வந்த கொட்டையின் வாரிசா என்று பார்த்துவிடலாம்.

மகிழம்பூ

அப்படியென்றால் இப்படியும் கேட்கலாம் அல்லவா: ஸ்லவோனியாவின் பிந்தித் தளிர்ப்பது, பிரான்சின் வறட்சி தாங்குவது, ஜெர்மனியின் நேர்த் தண்டு என்று எல்லா நாட்டுச் சிறந்த மரங்களையும் ஒரே தோட்டத்தில் வைத்தால் பன்மை இன்னும் கூடுமே?

இளவேனில்

எண்ணிக்கையில் கூடும். ஆனால் நீங்களே சொன்ன பூக்கும் கால விஷயம் குறுக்கே நிற்கும். சீக்கிரம் தளிர்ப்பவை தமக்குள், பிந்தித் தளிர்ப்பவை தமக்குள் என்று தோட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

தென்னிந்தியாவின் தேக்கு ஒட்டுத் தோட்டங்களில் இது நடந்தது. வெவ்வேறு ஊர்க் குளோன்களை ஒரே இடத்தில் கூட்டி வைத்ததில், பூக்கும் காலம் ஒத்துப் போகவில்லை, சில குளோன் பூக்கவே தயங்கியது, விதை மிகக் குறைவாகக் கிடைத்தது. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேக்குக்கும் புளிக்கும் இந்தக் காய்ப்பு ஏற்றத்தாழ்வையும் செயல்திறன் எண்ணையும் கணக்கிட்டிருக்கிறார்கள். கரிசல்காடு ஐயா உங்களுக்கு நேரடியாக உதவும்.

வெப்பம் ஏறுவதால் தெற்கிலிருந்து கொஞ்சம் மரங்களைக் கலக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் துறையில் நிறைய. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைத் தனித் தோப்பாக நட்டு, இருபது முப்பது ஆண்டு பார்த்து, பிறகு கலக்க வேண்டும். விதைத் தோட்டத்தின் உள்ளேயே கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

கரிசல்காடு

ஒட்டுக்கட்டில் ஒரு சந்தேகம். என்னிடமே ஒட்டு செத்து, அடியில் வேருக்காக வைத்த வேர்ச்செடி கிளம்பிவிடும். அது கவனிக்காமல் போனால் உங்கள் ஐம்பது குளோன் கணக்கு என்ன ஆகும்?

இளவேனில்

தோட்டத்தில் நடப்பவர்களுக்கு மட்டும் தோன்றும் கேள்வி இது. இது உண்மையில் நடக்கிறது, அடிக்கடி.

ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) இலை சேகரிக்கப் போனபோது பார்த்த மரம் ஒன்றைச் சொல்கிறேன். முழங்கால் உயரத்தில் ஒட்டுத் தழும்பு. தழும்புக்கு மேலே ஒரு தண்டு, கீழேயிருந்து இன்னொரு தண்டு. இரண்டும் ஒரே பருமன். மேல் தண்டில் மொட்டு இன்னும் பழுப்பாக மூடிக் கிடக்கிறது, கீழ்த் தண்டில் இலை விரிந்து பூந்துணரும் தொங்குகிறது. அடியில் ஒரே ஒரு அலுமினியச் சீட்டு, ஒரே குளோன் எண். இரண்டிலும் ஒவ்வொரு இலை பறித்து, சிலிக்கா மணிகள் போட்ட உறையில் தனித்தனியாக வைத்தோம். ஆய்வகத்தில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு மரம் வரைபடத்தில் அதிகபட்சம் இரண்டு முகடு காட்டும், தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. பத்துப் பன்னிரண்டு குறி போட்டால் எந்தக் குளோன் என்று ஐயமில்லாமல் தெரிந்துவிடும். கீழ்த் தண்டு எந்தக் குளோனோடும் பொருந்தவில்லை. அது வேர்ச்செடி. நாற்றங்காலில் கிடைத்த ஏதோ ஒரு கொட்டையிலிருந்து முளைத்தது. அந்த மரத்தடியில் விழும் கொட்டையில் பாதிக்குத் தாய் யாரென்றே தெரியாது.

பன்மையைப் பொறுத்தவரை இதில் நஷ்டமில்லை, ஒரு மரம் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தேர்வு செய்த மரம் அங்கே இல்லை, மண்டலமும் மாறியிருக்கலாம். இன்னொரு தவறு, ஒட்டுக் கட்டும் நாளிலேயே குச்சிக் கட்டு மாறிப் போவது. அப்போது ஐம்பது எண் போட்ட தோட்டத்தில் நாற்பத்து மூன்று குளோன்தான் இருக்கும், சில குளோன் இரு மடங்கு நிற்கும். தோட்டம் காய்ப்புக்கு வரும் முன்பே எல்லா மரத்துக்கும் ஒரு தடவை டிஎன்ஏ அடையாளம் எடுத்தே ஆக வேண்டும். செலவு அப்படியொன்றும் பெரிதில்லை. பல இடங்களில் அதைச் செய்யாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சுன்னாகம் கண்ணன்

அக்கா, நாற்றங்கால் பக்கமிருந்து ஒன்று. நீங்கள் நல்ல ஆண்டில் மட்டும் எடுங்கள் என்பீர்கள். வாங்குகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். காய்ப்பு இல்லாத ஆண்டில் என்ன செய்வது? ஓக் கொட்டையை நெல் போலக் காயவைத்துப் பத்தாயத்தில் போட்டு வைக்கவும் முடியாது. காய்ந்தால் செத்துவிடும்.

மலைத்தேன்

காய்ந்தால் சாகுமா? விதை என்றால் காயவைப்பதுதானே வழக்கம்?

சுன்னாகம் கண்ணன்

பெரும்பாலான விதைகளுக்கு அப்படித்தான். ஓக் கொட்டைக்கு ஈரம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க 41 டிகிரி வெந்நீரில் இரண்டரை மணி நேரம் ஊறவைத்து, ஆறவைத்து, பிறகு சுழியத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் 1 முதல் 3 டிகிரியில் வைப்போம். மூச்சு விட இடம் வேண்டும், காற்றுப் புகாமல் கட்டினால் அழுகும். ஒரு குளிர்காலம் நன்றாகத் தாங்கும். இரண்டாவது குளிர்காலத்துக்கும் வைக்கிறார்கள். அதற்கு மேல் முளைப்பு விழுந்துவிடும்.

மகிழம்பூ

உத்தராகண்ட் பக்கம் கர்சு ஓக் இன்னும் அவசரம். மழைக்காலத்தில் கொட்டை முதிர்ந்து, மரத்தில் இருக்கும்போதே முளை விடத் தொடங்கிவிடும்.

இளவேனில்

கண்ணன் சொன்னதில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. பைன் விதையைப் பல ஆண்டுகளுக்குச் சேமித்து, எல்லாக் குளோனிலிருந்தும் சம அளவு வரும்வரை காத்திருந்து கலக்கலாம். ஓக்கில் அந்த வசதி கிடையாது. சேர்த்துக் கலக்க நமக்குக் கிடைப்பது இரண்டு அறுவடை, அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று.

காய்ப்பு மோசமான ஆண்டில் விதைத் தோட்டத்தின் பக்கமே போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஆண்டுத் தேவைக்கு, அங்கீகரித்த காட்டுப் பகுதிகளில், நிறைய மரங்களின் அடியிலிருந்து சேகரிக்க வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை மரத்தில் சேகரித்தாக வேண்டும் என்று ஜெர்மனியில் விதியே இருக்கிறது. விதைத் தோட்டத்துக்கும் அதுபோல, குறைந்தது இத்தனை குளோன் காய்த்தால்தான் அந்த ஆண்டுக் கொட்டைக்குத் தோட்டத்தின் பெயர் என்று வைக்க வேண்டும். வாங்குகிறவருக்கு அந்தப் பட்டியலையும் கொடுக்க வேண்டும்.

பிரிட்டனில் ஃபியூச்சர் ட்ரீஸ் டிரஸ்ட் என்ற மர மேம்பாட்டு அமைப்பு போன்றவர்கள் ஒட்டுக்குப் பதிலாக, பல தாய் மரங்களின் நாற்றுகளைக் குடும்பம் குடும்பமாக நட்டு, மோசமானவற்றை நீக்கிக்கொண்டே வந்து, மிச்சத்தை விதைத் தோட்டமாக்கும் முறையிலும் வேலை செய்கிறார்கள். அதில் பன்மை அதிகம். ஆனால் நாற்று காய்ப்புக்கு வர 40 ஆண்டும் ஆகலாம். ஒட்டு அதைவிட மிகச் சீக்கிரம் காய்க்கும்.

மரக்கடை முருகேசன்

என் முதல் பதிவில் சொன்னதை அப்படியே விட்டுவிடவில்லை. தண்டு வளைந்த மரம் விலை போகாது, அது மாறாது. ஆனால் கொட்டை வாங்குகிறவன் எத்தனை தாயின் கொட்டை என்று கேட்கலாம் என்பதே எனக்குப் புதிது. அதைக் கேட்டால் சொல்ல முடியுமா? கொட்டை எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது?

இளவேனில்

முடியும் அண்ணா. கொட்டையின் ஓடு தாயின் திசு. தாய் மரத்தின் டிஎன்ஏ அப்படியே அதில் இருக்கிறது. உள்ளே இருக்கும் பருப்பு தாயும் தந்தையும் சேர்ந்த பிள்ளை. ஓட்டைச் சுரண்டி ஒரு குழாயில், முளையிலிருந்து ஒரு துளி இன்னொரு குழாயில் போட்டால், ஓடு தாயைச் சொல்லிவிடும். முளையிலிருந்து தாயின் பங்கைக் கழித்தால் தந்தை வெளிப்படும். அந்தத் தந்தை தோட்டத்தில் இருக்கிற குளோனா, வெளி ஆளா என்றும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஓக் பூவின் சூலகத்தில் ஆறு சூல்கள் இருக்கும். பெரும்பாலும் ஒன்றுதான் விதையாகும். தன் மகரந்தத்தால் உருவானது பெரும்பாலும் இந்தப் போட்டியில் தோற்றுவிடும். அதனால் கொட்டைகளில் தன்கலப்பு மிகக் குறைவாகவே பார்க்கிறோம். மரம் தானாகவே ஒரு வடிகட்டல் செய்துவிடுகிறது. தாய்களின் ஏற்றத்தாழ்வை மட்டும் நாம்தான் சரி செய்ய வேண்டும்.

கரிசல்காடு

எத்தனை கொட்டை சோதிக்க வேண்டும்?

எண்கணக்கன்

மூட்டையில் 5 சதவீதம் கொடுத்த தாய் ஒன்று, 100 ஓடு சோதித்தால் 99 சதவீதத்துக்கு மேல் உறுதியாக அகப்படும். அரை சதவீதம் மட்டுமே கொடுத்த தாய் 200 ஓட்டில் 63 சதவீத வாய்ப்பில்தான் தெரியும். ஆனால் செயல்திறன் எண்ணைத் தீர்மானிப்பது பெரிய பங்குக்காரர்கள்தான். 100 ஓடு போதும்.

கரிசல்காடு

டிஎன்ஏ எடுக்க எனக்கு வசதி இல்லை. என் புளிக்கும் தேக்குக்கும் இந்த வருடமே செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

இளவேனில்

தராசு போதும் ஐயா. ஓக் தோட்டத்தில் நாங்கள் சொல்வதையே செய்யுங்கள். ஒவ்வொரு தாய் மரத்துக்கும் எண் போட்டு, விதையைத் தனிப் பையில் எடுங்கள். பையை எடைபோட்டு நோட்டில் எழுதிய பிறகுதான் கலக்க வேண்டும். கலக்கும்போது எந்த மரத்தின் பங்கும் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். மிஞ்சியதைத் தனியாக வைத்து, விறகுக்கோ நிழலுக்கோ கேட்பவர்களுக்குக் கொடுங்கள். இருபது மரமாவது இல்லாமல் அந்த 5 சதவீதக் கணக்கு வராது. அதனால் உங்கள் பத்து மரங்களோடு பக்கத்து ஊர்களில் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் இன்னும் பத்துப் பதினைந்து மரங்களைப் பார்த்து வையுங்கள். ஒரே தெருவில் வரிசையாக நிற்பவை ஒரு தாயின் பிள்ளைகளாக இருக்கலாம், அவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

நோட்டில் எழுதிய எடைகளை இங்கே பதியுங்கள். எண்கணக்கன் செயல்திறன் எண்ணைப் போட்டுக் கொடுப்பார்.

எண்கணக்கன்

கண்டிப்பாக. மர எண், எடை, ஊர். இந்த மூன்று இருந்தால் போதும்.